யார் உட்காருகிறார், யார் நிற்கிறார்: நாடகத்தில் பாத்திரத்தையும் வர்க்கத்தையும் பற்றித் தேர்வில் எழுதும் முறை

வர்க்கம் பற்றிய கேள்வியைத் தேர்வுத்தாளில் பார்த்ததும் பல மாணவர்கள் சொத்துக் கணக்கு எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இவர் பணக்காரர், அவர் ஏழை; இவரிடம் கார் இருக்கிறது, அவரிடம் இல்லை. இதை நாலு வரியில் எழுதி முடித்தபின் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. மீதிப் பக்கத்தைக் கதைச்சுருக்கம் நிரப்பிக்கொள்ளும். மதிப்பெண் நழுவுவது அங்கேதான்.

நாடகத்தில் வர்க்கம் வெளிப்படுவது மேடையில் நடக்கும் செயல்களில். யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடலாம், யார் உட்காரலாம், யாருடைய கேள்விக்குப் பதில் கிடைக்கிறது, யார் நினைத்தபோது அறையைவிட்டுக் கிளம்பலாம் என்ற நான்கையும் பார்க்கப் பழகுங்கள். அதன்பின் எந்த நாடகத்தின் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் எழுத விஷயம் கிடைக்கும். சிங்கப்பூரின் உயர்நிலை 3, 4 மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். 2027இல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளின் இடத்துக்கு உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. தேர்வின் பெயர் மாறினாலும் இந்தத் திறன் வேண்டியிருக்கும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது. பயிற்சிக்காகவே எழுதிய ஒரு சிறு காட்சியைக் கையில் வைத்துக்கொள்வோம்.

பயிற்சிக் காட்சி

காலம்: 2008, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம்: ஈசூனில் ஓர் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. பரமசிவம் (55) கட்டுமானத் துணைக்குத்தகை எடுப்பவர். வசந்தா அவர் மனைவி. கவின் (22) மகன், பல்கலைக்கழக மாணவர். முருகேசு (30) தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்த ஊழியர். தேவி (26) அந்த வீட்டுப் பணிப்பெண்.

(கூடம். பரமசிவம் சோபாவில் நாளிதழ் படிக்கிறார். முருகேசு வாசற்கதவுக்கு உள்ளே, செருப்பு அடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.)

பரமசிவம்: (நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல்) வந்துட்டியா. அந்த அலமாரிய உள்ரூமுக்குத் தள்ளிரு.

முருகேசு: சரிங்க முதலாளி. அந்தச் சம்பளம்...

பரமசிவம்: தள்ளிட்டு வா, பேசலாம்.

கவின்: அண்ணே, உட்காருங்க. அப்பா, அவர உட்காரச் சொல்லுங்க.

வசந்தா: (சிரித்து) அவன் உட்கார மாட்டான். அவனுக்கே தெரியும். ஏ புள்ள, தண்ணி கொண்டா. அந்த எவர்சில்வர் டம்ளர்ல.

(தேவி தண்ணீர் கொண்டுவருகிறார். எவர்சில்வர் டம்ளரில் இல்லை, கண்ணாடிக் கிளாசில். வசந்தா அதைப் பார்க்கிறார். யாரும் பேசவில்லை.)

முருகேசு: (நின்றபடி குடித்துவிட்டு) ரெண்டு மாசம் ஆச்சுங்க.

கவின்: (கைத்தொலைபேசியைப் பார்த்தபடி) அப்பா, நான் கிளம்பறேன். கார் சாவி எங்க?

முதல் வாசிப்பு: பென்சிலால் மூன்று குறிகள்

காட்சியை ஒருமுறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலை எடுங்கள். விளிக்கும் சொற்களுக்கு வட்டம், வினைமுற்றுக்கும் அவன், அவர் போன்ற சொற்களுக்கும் அடிக்கோடு, உடலும் பொருளும் இருக்கும் இடத்துக்குச் சதுரம். மூன்று குறிகள் போதும். வண்ண வண்ணப் பேனாக்களால் பக்கம் முழுவதையும் நிரப்பினால் எது முக்கியம் என்று தேர்வு அறையில் கண்ணுக்குத் தெரியாது.

வட்டத்துக்குள் வருபவை: முதலாளி, அண்ணே, அப்பா, ஏ புள்ள. ஒரே கூடத்தில் இருப்பவர்களில் ஒருவர் பதவியால் அழைக்கப்படுகிறார், இருவர் உறவால், ஒருவர் பெயரே இல்லாமல்.

அடிக்கோட்டில்தான் தமிழ் நாடகம் படிப்பவருக்குப் பெரிய வசதி இருக்கிறது. நம் மொழியில் வினையின் கடைசி எழுத்துகளே படிநிலையைச் சொல்லிவிடும். ‘வந்துட்டியா’, ‘தள்ளிரு’ என்று மேலிருந்து கீழே இறங்கும் ஒருமை. ‘சரிங்க’, ‘ஆச்சுங்க’ என்று கீழிருந்து மேலே ஏறும் மரியாதை. முருகேசுவைப் பற்றிக் கவின் ‘அவர’ என்கிறார். அடுத்த வரியிலேயே வசந்தா ‘அவன்’ என்கிறார். ஒரே மனிதர், அடுத்தடுத்த இரண்டு வரிகள், இரண்டு விகுதிகள். இதைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு முழுப் பத்தி கையில் கிடைத்த மாதிரி.

மேடைக்குறிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே ‘முருகேசு நிற்கிறார்’, ‘தேவி கொண்டுவருகிறார்’ என்று இருக்கிறது. அந்த வீட்டின் பெரியவர்கள் தராத மரியாதை விகுதியை, வசந்தா சொல்லாத பெயரை, நாடக ஆசிரியர் தருகிறார். பாத்திரத்தின் பார்வை வேறு, ஆசிரியரின் பார்வை வேறு என்பதைக் காட்ட இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. மேடைக்குறிப்பை வெறும் நடிப்புக் குறிப்பு என்று தாண்டிப் போகும் மாணவர்கள் இதை இழக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒருமையில் பேசுவது எப்போதும் வர்க்க ஆணவம் ஆகாது. 55 வயதுக்காரர் 30 வயதுக்காரரை ‘நீ’ என்பது நம் வழக்கம். நெருக்கத்திலும் ஒருமை வரும். ஆகவே விகுதியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பக்கத்தில் இன்னொரு சான்று வேண்டும். பரமசிவம் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வசந்தா சிரித்துக்கொண்டே ‘அவனுக்கே தெரியும்’ என்கிறார். வயதால் வந்த ஒருமையை வர்க்கத்தால் வந்த ஒருமையாக மாற்றுவது இந்த இரண்டும்தான். கவினின் ‘அண்ணே’யும் அப்படியே. சிங்கப்பூரில் வயதில் சற்று மூத்த ஆண்களை அப்படி அழைப்பது வழக்கம். அதைப் புரட்சி என்று எழுதிவிடக் கூடாது.

சதுரத்துக்குள் வருபவை: சோபா, செருப்புத் தட்டு, டம்ளர், கார் சாவி. முருகேசு வீட்டுக்குள் வந்துவிட்டார், ஆனால் செருப்புகள் நிற்கும் இடத்தில் நிற்கிறார். ஆசிரியர் அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கலாம். உள்ளே விட்டு, அந்த இடத்தில் நிறுத்தியிருப்பது அவர் எடுத்த ஒரு முடிவு. அதைப் பற்றி எழுதுங்கள்.

கோடு எங்கே அசைகிறது

குறித்து முடித்ததும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: இந்தப் படிநிலை எந்த வரியில் அசைகிறது? அசையாத படிநிலை ஒரு படம் மட்டுமே; அசையும்போதுதான் அது நாடகமாகிறது. கேள்வி ‘இக்காட்சி எவ்வாறு பதற்றத்தை உண்டாக்குகிறது’ என்று கேட்டாலும் விடை இங்கேதான் இருக்கிறது.

நம் காட்சியில் இரண்டு இடங்கள். முதலாவது கண்ணாடிக் கிளாஸ். எவர்சில்வர் டம்ளர் என்று குறிப்பிட்டுக் கேட்டபோது வேறொன்று வருகிறது. தேவி மறந்திருக்கலாம், வேண்டுமென்றே செய்திருக்கலாம். பிரதி சொல்லவில்லை. ‘தேவி எதிர்ப்பைக் காட்டுகிறார்’ என்று அடித்துச் சொன்னால் திருத்துபவர் சான்று கேட்பார். ‘தேவியின் செயலை அமைதியான எதிர்ப்பாகவும் கொள்ளலாம், ஆசிரியர் அதை உறுதிப்படுத்தாமல் வசந்தாவின் பார்வையையும் அதைத் தொடரும் மௌனத்தையும் மட்டும் தந்து, முடிவைப் பார்வையாளரிடம் விடுகிறார்’ என்று எழுதினால் ஐயமே உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தரும்.

இரண்டாவது, கார் சாவி. கவின் நல்லவர் என்று பாதி வகுப்பு எழுதும். உட்காரச் சொன்னவர் அவர்தானே. ஆனால் சம்பளப் பேச்சு வாய்விட்டு வரும் அந்த நொடியில் அவர் கிளம்புகிறார், அதுவும் அப்பாவின் காரில். முருகேசுவுக்கு இருக்கை தருவது அவருக்குச் செலவில்லாத நியாயம். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது செலவுள்ள நியாயம். ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். பரமசிவத்தைவிட கவின்தான் இந்தக் காட்சியில் ஆழமான பாத்திரம் என்பது எங்கள் கணிப்பு. தேர்வில் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் இப்படி முரண்பாடு உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். முழுக்கக் கெட்டவரைப் பற்றி இரண்டு பத்திக்கு மேல் எழுதுவது கடினம்.

வர்க்கம், சாதி, அனுமதிச் சீட்டு

தமிழ் நாடகங்களில் இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வரும். விடையில் அவற்றைக் குழப்புவது மிகப் பொதுவான தவறு. வர்க்கம் என்பது தொழில், வருமானம், யார் யாருக்கு வேலை கொடுக்கிறார் என்பதைச் சார்ந்தது. சாதி பிறப்பைச் சார்ந்து சுமத்தப்படுவது. குடியேற்ற நிலை என்பது குடிமகனா, நிரந்தரவாசியா, வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரா என்பது.

தனி டம்ளர் என்றதும் சாதி பார்த்துத் தனிக் குவளை கொடுக்கும், தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை நினைவுக்கு வரும். அதைச் சொல்லலாம், ஆனால் ‘நினைவூட்டுகிறது’ என்ற அளவோடு நிறுத்துங்கள். காட்சியில் எவருடைய சாதியும் சொல்லப்படவில்லை. ‘முருகேசு தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்’ என்று எழுதினால் இல்லாத ஒன்றை எழுதியதாகிவிடும்.

அனுமதிச் சீட்டைச் சற்று விரிவாகவே யோசிக்கலாம். அந்தச் சீட்டு ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளியோடு உறவு கெட்டால் வேலையோடு இந்நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். ‘அந்தச் சம்பளம்...’ என்று பாதியில் நிற்கும் வாக்கியத்துக்கு அப்போதுதான் முழு எடை தெரிகிறது. மூன்று புள்ளிகள் தயக்கத்தை மட்டும் காட்டவில்லை. வாக்கியத்தை முடித்தால் என்ன ஆகும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

பின்னணித் தகவலை எவ்வளவு சேர்ப்பது

ஒரு விடைக்கு ஒன்று அல்லது இரண்டு வாக்கியம். அதற்கு மேல் போனால் வரலாற்றுத் தாள் ஆகிவிடும். எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்: அந்தத் தகவல் தெரிந்தபின் ஒரு வரியின் பொருள் மாறுகிறதா?

நம் காட்சியில் மாறும் தகவல் ஒன்று. சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள், அல்லது அதற்கு ஈடான ஊதியம், 2013 ஜனவரி 1 முதல் தொடங்கும் அல்லது புதுப்பிக்கப்படும் வேலை அனுமதிகளுக்குத்தான் சட்டப்படி கட்டாயமானது. காட்சி நடப்பது 2008இல், ஞாயிறு காலையில். தேவி வேலை செய்வதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஊழியருக்காகப் பரிந்து பேசிய கவினுக்கும் தோன்றவில்லை. தகவல் இப்படி ஒரு பாத்திரத்தின் மீது வெளிச்சம் போட வேண்டும்.

மாறாத தகவல்: வீவக 1960இல் தொடங்கப்பட்டது. உண்மைதான், இந்தக் காட்சிக்கு ஒரு பயனும் இல்லை. விட்டுவிடுங்கள். ஐந்தறை வீடு என்பதைக்கூட ‘வசதியானவர்கள்’ என்று மட்டும் சுருக்காதீர்கள். அது தனியார் அடுக்குமாடி வீடு இல்லை. பரமசிவம் மிகப் பெரிய பணக்காரர் இல்லை, துணைக்குத்தகைக்காரர். அவருக்கும் மேலே ஒரு முதன்மைக் குத்தகைக்காரர் இருப்பார். கீழே இருப்பவரிடம் அவர் காட்டும் அதட்டல் அந்த நடு இடத்திலிருந்து வருகிறதா என்று, இது ஒரு முழு நாடகத்தின் பகுதியாக இருந்தால், மற்ற காட்சிகளில் தேடலாம்.

கருத்து வாக்கியமும் பத்தியும்

பத்தியின் முதல் வாக்கியம் எதிர்வாதம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பரமசிவம் ஒரு கொடுமையான முதலாளி’ என்பது முத்திரை குத்துவது. ‘பரமசிவம் குரலை உயர்த்தாமலே, சம்பளப் பேச்சைத் தள்ளிப்போடுவதன் மூலம் தம் அதிகாரத்தைக் காட்டுகிறார்’ என்பது கருத்து. எப்படி என்ற கேள்விக்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது. சொல்லிப் பார்க்க ஓர் அச்சு: யார், எதைச் செய்து, யார்மேல், என்ன அதிகாரத்தைக் காட்டுகிறார் அல்லது இழக்கிறார்.

ஒரு மாதிரிப் பத்தி:

‘வசந்தா முருகேசுவின் தாழ்ந்த நிலையை அவரே விரும்பி ஏற்றுக்கொண்டதாகக் காட்டுவதன் மூலம் அதை இயல்பாக்குகிறார். உட்காரச் சொல்லும் மகனுக்கு மறுப்பாக அவர் “அவன் உட்கார மாட்டான்” என்கிறார். உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. “மாட்டான்” என்ற சொல் தடையை முருகேசுவின் சொந்த விருப்பமாக மாற்றிவிடுகிறது. “அவனுக்கே தெரியும்” என்ற தொடரில் வரும் ஏகாரம் அதை மேலும் இறுக்குகிறது. அவர் சிரித்தபடி பேசுவதாக மேடைக்குறிப்பு சொல்கிறது. இந்த வீட்டில் வர்க்க வேறுபாடு கோபப்பட்டுக் காக்க வேண்டியதாக இல்லை, வேடிக்கையாகச் சொல்லுமளவுக்கு உறுதியாக இருக்கிறது. தம்மைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு முருகேசு பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்வையாளர் மேடையில் பார்த்துக்கொண்டிருப்பதால், அச்சிரிப்பு அவர்களுக்குச் சங்கடமாகிறது.’

இதில் மேற்கோள்கள் மூன்றே, எல்லாம் மூன்று சொல்லுக்குள். ஒவ்வொன்றையும் தொடர்ந்து அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்ற விளக்கம் வருகிறது. கடைசி வாக்கியத்தில் பார்வையாளர் வருகிறார். நாடகம் மேடைக்காக எழுதப்பட்டது என்பதை மறந்து நாவல் போல எழுதுவது பெரிய இழப்பு. பத்திக்கு ஒருமுறையாவது பார்வையாளர் எதைக் காண்கிறார், எதைக் கேட்கிறார் என்பதைக் கொண்டுவாருங்கள்.

ஒரு விடைக்கு 45 நிமிடம் இருந்தால் 6 நிமிடம் கேள்வியையும் பகுதியையும் படித்துக் குறியிட, 7 நிமிடம் மூன்று அல்லது நான்கு கருத்து வாக்கியங்களை எழுதி வரிசைப்படுத்த, 28 நிமிடம் விடை எழுத, 4 நிமிடம் சரிபார்க்க. பத்திக்கு 7 முதல் 9 நிமிடம் ஆகும். வரிசைப்படுத்தும் 7 நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தான் மூன்றாம் பத்தியில் முதல் பத்தியைத் திரும்ப எழுதுகிறார்கள்.

முழு நாடகத்தையும் பற்றிய கேள்விக்கு

இங்கே குறிப்பு நோட்டு வேண்டும். துணைப்பாட வகுப்புகளில் கிடைக்கும் ‘பரமசிவம்: பேராசை, கோபம், ஆணவம்’ மாதிரியான குணப்பட்டியலை மனப்பாடம் செய்வது எந்தக் கேள்விக்கும் ஒரே விடையைத்தான் தரும். அதற்குப் பதிலாக முக்கியப் பாத்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தில் ஆறு மேற்கோள்கள், ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஐந்து சொல். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம், எந்தக் காட்சியில், அப்போது மேடையில் வேறு யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். கடைசித் தகவலைப் பலர் விட்டுவிடுவார்கள். முதலாளி ஊழியரிடம் தனியாகப் பேசுவதும் மனைவி முன்னால் பேசுவதும் வேறு வேறு. சிறு பாத்திரங்களுக்கு இரண்டு மேற்கோள் போதும்.

பிறகு ஒரே அடையாளத்தை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை பின்தொடருங்கள். நம் நாடகத்தின் இறுதியில் முருகேசு அந்தச் சோபாவில் உட்கார்ந்தால், அல்லது ‘முதலாளி’ என்ற சொல் ‘சார்’ ஆகவோ பெயராகவோ மாறினால், அல்லது எதுவுமே மாறாவிட்டால், மூன்றுமே எழுதத் தகுந்தவை. மாறாமல் இருப்பதும் ஆசிரியர் எடுத்த முடிவுதான்.

ஆங்கில நாடகத்துக்கு இதே முறை

ஆங்கில இலக்கியமும் எடுப்பவர்களுக்கு: ஆங்கில வினையில் மரியாதை விகுதி கிடையாது என்பதால் அடையாளங்களை வேறிடத்தில் தேட வேண்டும். பட்டமும் குடும்பப் பெயரும் சேர்த்து அழைக்கப்படுபவர் யார், வெறும் முதற்பெயரால் அழைக்கப்படும் பணிப்பெண் யார், ‘சார்’ எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது, கட்டளையாக முடியும் வாக்கியங்கள் யாருடையவை என்று பாருங்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் என்றால் இன்னும் இரண்டு கருவிகள் உண்டு. உயர்குடியினர் பெரும்பாலும் செய்யுளிலும், வேலையாட்களும் சாமானியரும் பெரும்பாலும் உரைநடையிலும் பேசுவார்கள். ஒருவர் செய்யுளிலிருந்து உரைநடைக்கு இறங்கினால் ஏதோ நடக்கிறது என்று பொருள். ‘தவ்’ (thou), ‘யூ’ (you) என்ற இரண்டு முன்னிலைச் சொற்களை நம் ‘நீ’, ‘நீங்கள்’ போலக் கேட்டுப் பாருங்கள். ‘தவ்’ கீழே இருப்பவரிடமும் வரும், காதலியிடமும் வரும், கோபத்திலும் வரும், ‘நீ’யும் அப்படித்தானே. வீட்டில் தமிழ் பேசும் மாணவர் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

நூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்து வீட்டை ஈசூன் வீடாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களிலும் வேலையாட்கள் இருந்தது சாதாரணம். வேலையாள் இருப்பதை மட்டும் வைத்துப் பெரும் செல்வர் என்று முடிவு செய்ய முடியாது.

பேசாத பாத்திரம்

தேவிக்கு ஒரு வசனமும் இல்லை. ‘தேவி முக்கியமில்லாத பாத்திரம்’ என்று எழுதி மேலே போய்விடுவார்கள். தேர்வில் இப்படிப்பட்ட பாத்திரத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் மூன்றைத் தேடுங்கள்: அவர் எப்போது மேடைக்குள் வருகிறார், வருவதற்கு யார் காரணம், அவர் வந்தபின் மற்றவர்களிடம் என்ன மாறுகிறது. தேவி கட்டளையால் வருகிறார். அவர் வந்ததும் பேச்சு நின்றுபோகிறது. காட்சியில் ‘யாரும் பேசவில்லை’ என்று எழுதப்பட்டிருக்கும் ஒரே நொடி அவர் உண்டாக்கியது. இத்தனை சான்று போதும், ஒரு முழுப் பத்தி எழுதலாம். எழுதும்போது அவரைப் ‘பணிப்பெண்’ என்று மட்டும் குறிக்காமல் தேவி என்று பெயரிட்டே எழுதுங்கள். மேடைக்குறிப்பில் ஆசிரியர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.